பழைய நோய், புதிய நாடு

ஓய்வுபெற்ற பெற்றோரை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஒரேயடியாக அழைத்துக்கொள்வது பற்றி ஒரு குடும்பம் பேச உட்கார்ந்தால் வீடு, குளிர், பேரப்பிள்ளை, கோயில், சாப்பாடு என்று எல்லாமே அலசப்படும். மருத்துவம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "இன்சூரன்ஸை நான் பார்த்துக்கிறேன்ப்பா." சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த இன்சூரன்ஸ், தான் வேலைபார்க்கும் கம்பெனி தருவது. அதில் மனைவியைச் சேர்க்கலாம், குழந்தைகளைச் சேர்க்கலாம். பெற்றோரைச் சேர்க்க அமெரிக்கக் கம்பெனிகள் அநேகமாக விடுவதில்லை. சென்னை ஐடி கம்பெனியில் அப்பா அம்மாவையும் குரூப் பாலிசியில் போட்டுப் பழகியவர்களுக்கு இது விமானம் ஏறிய பிறகுதான் உறைக்கிறது.

அந்த ஒரு வரியைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது என்பதால் ஒரு தம்பதியை மனதில் வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 70 வயது, நெடுநாள் சுகர், பிரஷர், இதயத்தில் ஒரு ஸ்டென்ட். அம்மாவுக்கு 66, தைராய்டு, மூட்டுத் தேய்மானம். இப்படிப்பட்ட தம்பதி தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இவர்களுக்கு எந்த ஏற்பாடு நல்லது என்று தீர்மானிக்க நான் வைக்கும் உரைகல் இதுதான்: உடம்பில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அந்தக் காப்பீடு பணம் தருமா? கடைசிவரை புதுப்பிக்க முடியுமா? நாடு மாறினால் கூட வருமா? படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ளும் செலவு யாருடையது?

பெரும்பாலோர் முதலில் போவது விசிட்டர் விசாவில்தான். ஆறு மாதம் தங்க அனுமதி, கையில் ஒரு விசிட்டர் இன்சூரன்ஸ். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒரு பட்டியல் இருக்கும்: ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று வரையறுத்த தொகை. பில் அதைவிடப் பல மடங்கு வந்தாலும் பட்டியலில் உள்ளதைத்தான் தருவார்கள். பிரீமியம் மலிவு என்பதால் ஏராளமானோர் இதைத்தான் எடுக்கிறார்கள். இன்னொன்று விரிவான காப்பீடு. டிடக்டிபிள் எனப்படும் முதல் தொகையை நாம் கட்டியபின், பில்லின் பெரும்பங்கை உச்சவரம்புவரை அவர்கள் ஏற்பார்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர் முதல் வகையை எடுப்பது வீண் செலவு. ஒரு நாள் ஐசியூவுக்கே அந்தப் பட்டியல் காணாது.

ஆனால் விரிவான பாலிசியிலும் உரைகல்லின் முதல் கேள்வி இடறுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு இவற்றில் பெரும்பாலும் காப்பீடு கிடையாது. அதற்கு விதிவிலக்குப் போல ஒரு ஷரத்து சேர்த்திருப்பார்கள்: பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் பணம் உண்டு என்று. விற்பனை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். பாலிசி ஆவணத்தைத் திறந்து நிபந்தனைகளைப் பார்த்தால்தான் அதன் குறுக்கம் தெரியும். முன்னறிகுறி இல்லாமல் வந்திருக்க வேண்டும். பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். மெல்ல மெல்ல மோசமான நோயாக இருக்கக் கூடாது. குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் இந்தச் சலுகை வெட்டப்படும், அல்லது உச்சவரம்பு சரிந்துவிடும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? நம் அப்பா நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு மார்பு அடைத்துக்கொள்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, ஒரு மணி நேரத்தில் மருத்துவமனை. இந்த க்ளெய்ம் தேற வாய்ப்பு உண்டு. அதே அப்பாவுக்கு நாலு நாளாகக் கணுக்கால் வீக்கம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "ஜெட் லேக்தான்" என்று பொறுத்துக்கொள்கிறார். பேத்தியின் பிறந்தநாள் முடியட்டும் என்று சொல்லாமல் இருக்கிறார். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி எமர்ஜென்சிக்குப் போகிறார்கள். இதயம் ஒன்றே, நோயும் ஒன்றே. ஆனால் டாக்டர் எழுதும் குறிப்பில் "நாலு நாளாக வீக்கம்" என்று ஒரு வரி இருந்தால் க்ளெய்ம் அங்கேயே சாய்ந்துவிடும். நம் ஊர்ப் பெரியவர்கள் எவரும் முதல் நாளே வாய் திறந்து சொல்கிறவர்கள் இல்லை. பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நோயை மறைக்கும் குணமே பிள்ளைக்குப் பெரிய செலவாக முடிகிறது.

எமர்ஜென்சியில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் தேவையில்லை. பணம் இருக்கிறதோ இல்லையோ, அவசர நிலையில் வருகிறவரைச் சோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று அங்கே 1986 முதல் சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும். மருத்துவமனை ஒன்று அனுப்பும், எமர்ஜென்சி டாக்டர் தனியாக, ஸ்கேன் பார்த்தவர் தனியாக, ஆம்புலன்ஸ் தனியாக. லாப நோக்கில்லாத மருத்துவமனைகள் எழுத்துபூர்வமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். விண்ணப்பித்தால் கணிசமாகக் குறைப்பதும் உண்டு. இதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் முழு பில்லையும் கிரெடிட் கார்டில் கட்டிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே விசிட்டர் இன்சூரன்ஸைப் பற்றிய என் மதிப்பீடு: போய்வர அது போதும், குடியிருக்க உதவாது.

அடுத்து கிரீன் கார்டு. பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்று 21 வயதைக் கடந்திருந்தால் பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பில்லாமல் நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும். இந்தியர்கள் பத்தாண்டு, இருபதாண்டு காத்திருக்கும் வேலைவாய்ப்பு வரிசை இதற்கு இல்லை. அதனால் இது சுலபமான வழி என்று தோன்றும். "கிரீன் கார்டு வந்தால் மெடிகேர் வந்துவிடும், 65 தாண்டியவர்களுக்கு இலவசம்" என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் வேரூன்றி இருக்கிறது. இது பாதி உண்மைகூட இல்லை.

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965-ல் சட்டமாகி 1966-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் மருத்துவமனைப் பகுதி பிரீமியம் இல்லாமல் கிடைக்க, தானோ வாழ்க்கைத் துணையோ அங்கே 40 காலாண்டுகள், அதாவது பத்து ஆண்டுகள், வரி கட்டி வேலைபார்த்திருக்க வேண்டும். மாயவரத்தில் தலைமையாசிரியராக 34 ஆண்டு உழைத்தது இந்தக் கணக்கில் சேராது. வேலைசெய்யாத குடியேறிகள் ஐந்தாண்டு தொடர்ந்து அங்கேயே வசித்தபின் பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். 2026-க்கான கட்டணம்: மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 565 டாலர், டாக்டர் பகுதிக்கு 202.90 டாலர். நம் தம்பதிக்கு இரண்டும் சேர்த்து மாதம் 1,535 டாலருக்கு மேல், ஆண்டுக்கு 18,400 டாலருக்கு மேல். மருந்துக் காப்பீடு தனி. மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் நம்முடையது. டாக்டர் செலவில் 20 சதவீதம் நம்முடையது, அதற்கு உச்சவரம்பு கிடையாது. பல், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவை அடிப்படை மெடிகேரில் இல்லை. சேரவேண்டிய நேரத்தில் சேராமல் தள்ளிப்போட்டால் டாக்டர் பகுதியின் பிரீமியத்தில் ஒவ்வொரு ஆண்டுக்கும் 10 சதவீதம் அபராதமாக ஏறும். அது கட்டி முடிகிற அபராதமும் இல்லை, மாதந்தோறும் தொடரும்.

அந்த முதல் ஐந்தாண்டுக்கு என்ன வழி? ஏழைகளுக்கான மெடிகெய்டும் பெரும்பாலான மாநிலங்களில் ஐந்தாண்டு கழித்துத்தான் என்று 1996-ன் சட்டம் கதவடைத்தது. எஞ்சுவது ஒபாமா காலத்தில் வந்த மார்க்கெட்பிளேஸ் பாலிசி. இதற்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது: பழைய நோயைக் காட்டி எவரையும் மறுக்க முடியாது, அதற்காகப் பிரீமியத்தை உயர்த்தவும் முடியாது. ஸ்டென்ட் வைத்தவருக்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு. நாட்டுக்குள் வந்த 60 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். தவறினால் அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வயதானவரிடம் இளைஞரைப் போல மூன்று மடங்குவரை வாங்கலாம் என்று சட்டம் விட்டிருக்கிறது. நியூயார்க்கும் வெர்மான்டும் மட்டும் வயது பார்த்து விலை வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கின்றன. மகன் நியூயார்க்கில் இருக்கிறாரா, ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில் இருக்கிறாரா என்பது அப்பாவின் பிரீமியத்தைப் பெரிய அளவில் மாற்றும்.

வருமானம் மிகக் குறைந்த புதுக் குடியேறிகளுக்கு இந்தப் பாலிசியில் அரசு மானியம் இருந்தது. பெற்றோரை அழைத்துக்கொண்ட நிறைய குடும்பங்களின் கணக்கு அந்த மானியத்தின்மீதுதான் நின்றது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் அதை எடுத்துவிட்டது. 2026 ஜனவரி முதல், ஐந்தாண்டு விதியால் மெடிகெய்டு கிடைக்காத, வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் காட்டும் குடியேறிகளுக்கு மானியம் இல்லை. கோட்டுக்கு மேல் வருமானம் உள்ள, தனியே வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் பெற்றோருக்கு இன்னும் வழி இருக்கிறது. ஊர்ப் பென்ஷனும் வாடகையும் அந்த வருமானத்தில் சேரும். பிள்ளை தன் கணக்கில் அவர்களைச் சார்ந்தவர்களாகக் காட்டினால் பிள்ளையின் சம்பளமும் எண்ணப்பட்டு மானியம் கரைந்துவிடும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வரி நிபுணர் சொன்னார் என்று சார்ந்தவராகக் காட்டுவது பல வீடுகளில் நடக்கிறது.

இதற்கெல்லாம் மேல் பிள்ளை கையெழுத்திடும் ஆதரவு உறுதிமொழிப் பத்திரம். பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைக்கும்வரை, அல்லது நிரந்தரமாக நாடு திரும்பும்வரை, அல்லது இறக்கும்வரை அது பிள்ளையைக் கட்டும். மகனுக்கு வேலை போனாலும் பத்திரம் போகாது. 2023-லும் அதன் பிறகும் ஐடி கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கிய காலத்தில் இதை யோசிக்காமல் கையெழுத்திடுவது துணிச்சல்தான்.

ஆக, அமெரிக்கக் குடியிருப்பு என் உரைகல்லில் எப்படி நிற்கிறது? பழைய நோய்க்கு முழு மதிப்பெண். இந்தியாவின் எந்தச் சாதாரணத் தனியார் பாலிசியும் முதல் நாளிலிருந்து அப்படித் தராது. ஐந்தாண்டுக்குப் பின் மெடிகேரில் சேர்ந்துவிட்டால் பிரீமியம் கட்டும்வரை எவரும் வெளியேற்ற முடியாது. டயாலிசிஸானாலும் புற்றுநோயானாலும் உண்டு. ஆனால் விலை கனமானது. மெடிகேருக்குள் போய்ச்சேர ஐந்தாண்டு அங்கேயே இருக்க வேண்டும். நம் பெற்றோர் சறுக்குவது இங்கேதான். பொங்கலுக்கு ஊருக்கு வந்து, மச்சினன் வீட்டுக் கல்யாணம், குலதெய்வம், ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று, நிலத்துக்குப் பட்டா மாற்றம் என்று ஏழு எட்டு மாதம் தங்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும், ஐந்தாண்டுத் தொடர்ச்சியும் கேள்விக்குள்ளாகும். ஊரில் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போனால் மெடிகேர் ஒரு சென்ட் தராது. அமெரிக்க எல்லைக்கு வெளியே அது பொதுவாகச் செல்லாது. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று வாழ நினைப்பவருக்கு கிரீன் கார்டு மிக மோசமான ஏற்பாடு. இரண்டு ஊரிலும் பணம் கட்டி, இரண்டிலும் பாதி பாதுகாப்போடு இருப்பார்.

கனடாவின் நிலை வேறு. அங்கே பெற்றோருக்கு நிரந்தரக் குடியிருப்பு கிடைத்துவிட்டால் மாகாணச் சுகாதார அட்டை வந்துவிடும். ஒன்டாரியோவில் முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020-ல் நீங்கியது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்துத் திட்டமும் அங்கே உண்டு. மருத்துவமனைக்கும் டாக்டருக்கும் பில் இல்லை, பழைய நோய் என்ற பேச்சே இல்லை. நிபுணரைப் பார்க்கவும் மூட்டு மாற்றவும் மாதக்கணக்கில் காக்க வேண்டும் என்பது உண்மை. அம்மாவின் முழங்கால் அதுவரை வலிக்கும். ஆனால் அப்பாவின் மாரடைப்பு காக்காது, அதற்கு உடனே பார்ப்பார்கள். என் கணக்கில் உலகில் நம் பெற்றோருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மருத்துவ ஏற்பாடு இதுதான். சிக்கல், அது கிடைப்பதில்தான். இடங்கள் மிகக் குறைவு. 2020-ல் பெயர் பதிந்தவர்களிலிருந்தே பிந்தைய ஆண்டுகளிலும் குலுக்கி அழைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை 20 ஆண்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும், கியூபெக்கில் மட்டும் பத்தாண்டு.

குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கு சூப்பர் விசா. 2022 ஜூலை முதல் ஒரே தடவையில் ஐந்தாண்டு தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு, ஓராண்டு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். மாகாண அட்டை கிடையாது. இந்தப் பாலிசிகளில் பழைய நோயைச் சேர்க்கும் வகையும் உண்டு என்பதால் அமெரிக்க விசிட்டர் இன்சூரன்ஸைவிட மேல். ஆனால் அதிலும் ஒரு கண்ணி: நோய் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் 90 அல்லது 180 நாள், நிலையாக இருந்திருக்க வேண்டும். நிலை என்றால் நோயாளி நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. மருந்தில் மாற்றம் இருக்கக் கூடாது. நம் ஊரில் வெளிநாடு கிளம்பும் முன் என்ன செய்வார்கள்? குடும்ப டாக்டரிடம் "எதுக்கும் ஒரு தடவை முழுசா பார்த்துடுங்க" என்று போவார்கள். அவர் சுகர் கொஞ்சம் கூட இருக்கிறது என்று மாத்திரையை 500-லிருந்து 1,000 ஆக்குவார். நல்லெண்ணத்தோடு செய்த அந்த மாற்றமே பல பாலிசிகளில் சுகரை நிலையற்ற நோயாக்கிவிடும். முழுப் பரிசோதனையைப் பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கடைசி நேரத்தில் உண்மையாகவே மருந்து மாற்றவேண்டி வந்தால் மாற்றத்தான் வேண்டும். பாலிசிக்காக உடம்பைப் பட்டினி போட முடியாது. அப்போது பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் விரைவாகக் கடந்துவிடலாம். பிரிட்டனில் பெற்றோருக்கான வழி 2012 ஜூலையில் கிட்டத்தட்ட அடைக்கப்பட்டது. அன்றாடக் காரியங்களுக்கே மற்றவர் துணை வேண்டிய நிலையில் இருக்க வேண்டும், அந்தத் துணை சொந்த நாட்டில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். ஆயாவும் நர்ஸும் கிடைக்கும் தமிழ்நாட்டிலிருந்து இதை நிரூபிப்பது நடக்கிற காரியம் இல்லை. விசிட்டராகப் போனால் எமர்ஜென்சிப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். வார்டில் சேர்த்தால் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவுக்கே கேடு. ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகிவிட்டால் அங்குள்ள மெடிகேர் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். அதற்குப் பெரும்பணம் கட்டும் பெற்றோர் விசாவுக்கே பத்தாண்டுக்கு மேல் வரிசை, பணம் குறைந்த விசாவுக்கு முப்பது ஆண்டு என்று அரசே சொல்கிறது. 70 வயதில் அந்த வரிசையில் நிற்பது ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு மட்டும்.

இனி நம் ஊர்ப் பக்கம். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது திறனாய்வு ஆகாது.

சமீப ஆண்டுகளில் விதிகள் முதியவர்களுக்குச் சாதகமாகவே மாறியிருக்கின்றன. பாலிசி எடுக்க வயது வரம்பு வைக்கும் வழக்கத்தை 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது. பழைய நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சம் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி தவிர வேறு காரணம் காட்டி, நோயை மறைத்தீர்கள் என்று க்ளெய்மை மறுக்க முடியாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிஜிஹெச்எஸ் இருக்கிறது, மாநில ஓய்வூதியர்களுக்குப் பென்ஷனில் பிடித்தம் செய்யும் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

குறைகளும் சில்லறை இல்லை. வயது வரம்பு நீங்கியது என்றால் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை; ஸ்டென்ட் வைத்த 70 வயதுக்காரரின் விண்ணப்பத்தை அது நிராகரிக்கலாம். முதியோர் பாலிசிகள் பலவற்றில் பில்லின் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். அறை வாடகை வரம்பு இன்னொரு பொறி. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியோடு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், கூடுதலான 3,000 மட்டும்தானே என்று நினைப்போம். டாக்டர் கட்டணம், அறுவைக் கூடம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அந்த இனங்களில் 2 லட்சம் வந்தால் 1.25 லட்சம்தான் கைக்கு வரும். மாத்திரை, மருந்து, ஸ்டென்ட் போன்ற பொருட்களுக்கு இந்த வெட்டு கிடையாது என்பது ஆறுதல். டிஸ்சார்ஜ் அன்று கேஷ்லெஸ் அனுமதி வரும்வரை பில்லிங் கவுன்டரில் மத்தியானம் முழுக்க நிற்பதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, எல்லோரும் நின்றிருக்கிறோம். வெளிநோயாளிச் செலவுக்கும் மாத்திரைக்கும் பெரும்பாலான பாலிசிகள் எதுவும் தருவதில்லை.

அப்படியிருந்தும் தராசு ஏன் இந்தப் பக்கம் சாய்கிறது? பில்லின் அளவுதான் காரணம். இங்கே காப்பீடு கைவிட்டாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் நகையையோ வைப்புநிதியையோ வைத்துச் சமாளிக்கும். அதற்கும் கீழே, கிண்டியில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும், பக்கத்திலேயே 2024-ல் வந்த 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையமும், பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் கட்டணமில்லாமலோ குறைந்த கட்டணத்திலோ இருக்கின்றன. அமெரிக்காவில் காப்பீடு கைவிட்டால் விழுகிற குழிக்கு அடியில் இப்படி ஒரு தளம் புதுக் குடியேறிக்கு இல்லை.

மாத்திரை விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் அப்பா சாப்பிடும் சுகர் மாத்திரை மூன்று மருந்து சேர்ந்த கலவையாக இருக்கும். வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், வோக்லிபோஸ் ஆகியவை தமிழ்நாட்டு மருந்துச் சீட்டுகளில் சர்வ சாதாரணம். அமெரிக்காவில் இவற்றுக்கு அனுமதியே இல்லை, எந்த பார்மசியிலும் கிடைக்காது. விசிட்டர்கள் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 90 நாள் மாத்திரைதான் கொண்டுபோகலாம். ஆறு மாத மாத்திரையைப் புடவை மடிப்பில் வைத்துக் கொண்டுபோவது நடக்கிறதுதான், பிடிபட்டால் போய்விடும். நிரந்தரமாகப் போகிறவர் கிளம்பும் முன்பே, இரு நாட்டிலும் கிடைக்கும் மருந்துக்கு மாறி, அது ஒத்துக்கொள்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் போதாது, மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்க வேண்டும்.

உரைகல்லின் கடைசிக் கேள்விக்கு வருவோம். நோய்க்குச் சிகிச்சை வேறு, படுத்துவிட்டவரைப் பார்த்துக்கொள்வது வேறு. பக்கவாதம் வந்து மூன்று வாரத்தில் வீடு திரும்பியவரை எழுப்பி உட்காரவைத்து, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ஊட்டிவிட ஆள் வேண்டும், ஆண்டுக்கணக்கில். மெடிகேர் இதற்குப் பணம் தராது. இந்தியப் பாலிசியும் தராது. இரண்டும் கைவிரிக்கும் இடத்தில் ஆளின் கூலிதான் தீர்மானிக்கிறது. டல்லாஸில் மணிக்கணக்கில் டாலரில் ஆள் வைக்க முடியாமல் மருமகளோ மகளோ வேலையை விடுகிறார். சென்னையில், கோவையில் ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஆள் கிடைக்கும். தரத்துக்கு உத்தரவாதம் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள், மேற்பார்க்கச் சொந்தத்தில் ஒருவர் வேண்டும். ஆனாலும் ஒரு சாதாரணப் பென்ஷனும் பிள்ளை அனுப்பும் பணமும் இருந்தால் ஏற்பாடு செய்ய முடிகிறது. கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் இத்தனை எழுந்ததற்கு வெளிநாட்டுப் பிள்ளைகளின் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

எதிர்வாதத்தை நேர்மையாக வைக்க வேண்டும். "இன்சூரன்ஸ் கணக்கைப் பார்த்துப் பெற்றோரைத் தனியே விடச் சொல்கிறீர்களா? ராத்திரி விழுந்தால் காலையில்தானே தெரியும்?" இந்தக் கேள்வி நியாயமானது. இருவரில் ஒருவர் போய், மற்றவர் தனியாகி, ஊரில் நம்பகமான சொந்தமும் இல்லையென்றால் என் கணக்கு மாறும். அப்போது ஐந்தாண்டு மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்தை ஒரு வாழ்க்கைச் செலவாக ஏற்றுக்கொண்டு அழைத்துக்கொள்வது சரி. ஒருவருக்கான பிரீமியம் என்பதால் சுமையும் பாதி. அவர் திரும்பிப் போக நினைக்க மாட்டார் என்பதால் ஐந்தாண்டுத் தொடர்ச்சியும் அறுபடாது. அதேபோல 62, 63 வயதில், உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும்போதே, ஊரில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகும் தம்பதிக்கும் கிரீன் கார்டு நியாயமான தேர்வு. கனடாவில் குலுக்கலில் பெயர் வந்தவர்கள் யோசிக்கவே வேண்டாம், போய்விடலாம்.

மற்ற எல்லோருக்கும், அதாவது நான் எடுத்துக்கொண்ட 70-66 வயதுத் தம்பதிக்கும் அவர்களைப் போன்ற பெரும்பாலோருக்கும், என் தீர்ப்பு: குடியிருப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும். இங்குள்ள பாலிசி ஒரு நாளும் அறுபடாமல் ஓடட்டும். பிள்ளை வீட்டுக்கு விசிட்டராக, நல்ல கோடையில், ஐந்து மாதத்துக்கு மிகாமல், விரிவான வகைக் காப்பீட்டோடு போய்வாருங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் போகாதீர்கள். அங்கே ஏதாவது வந்தால் முதல் நாளே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கிரீன் கார்டு எடுத்தே தீருவது என்று முடிவுசெய்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பார்த்தவரை பெரும்பாலோர் அங்கே போனதும் முதலில் நிறுத்துவது ஊர்ப் பாலிசியைத்தான்: "அதான் இங்கே வந்துட்டோமே, எதுக்கு ரெண்டு தண்டம்?" மூன்றாவது குளிர்காலத்தில் மனம் மாறி 74 வயதில் திரும்பிவருகிறவர்கள் கணிசம். அப்போது புதுப் பாலிசி கேட்டால் மூன்றாண்டுக் காத்திருப்பு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அல்லது கம்பெனி முடியாது என்றே சொல்லிவிடும். மெடிகேரில் சேர்ந்து, இனி திரும்புவதில்லை என்று உறுதியாகும்வரை ஊர்ப் பிரீமியத்தைக் கட்டிக்கொண்டே இருங்கள். வெளிநாட்டில் நீண்ட நாள் தங்கப்போவதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசி தொடரும் என்ற பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்குக் கெடு தவறினால் சலுகைக் காலம் பொதுவாக 30 நாள்தான். புதுப்பிக்கும் தேதி அப்பாவின் டைரியில் மட்டும் இருந்தால் போதாது, பிள்ளையின் போனிலும் இருக்க வேண்டும்.